ஒன்பது அங்குலப் பலகை

எங்கள் வீட்டு மச்சுப்படியில் கீழிருந்து ஏழாவது பலகை 2023 ஜூன் மாதத்தில் ஒரு காலையில் பிளந்தது. அப்போது அதன்மேல் அம்மாவின் வலது கால் இருந்தது. கையில் முறம், முறத்தில் வற்றல் போடப் பிழிந்து வைத்த ஏதோ ஒன்று. முறத்தை விட்டிருந்தால் பக்கச் சட்டத்தைப் பிடித்திருக்கலாம். விடவில்லை. கணுக்காலில் மயிரிழை முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. வற்றல் ஒன்றும் சிந்தவில்லை என்று மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஆட்டோவில் வைத்து இரண்டு தடவை சொன்னாள்.

வீடு தக்கலைக்குப் பக்கத்தில். தாத்தா கட்டியது. கீழே நான்கு அறை, மேலே ஒரே ஒரு மச்சறை. அந்த அறைக்குப் போக பதின்மூன்று மரப்படி. அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள், இரவில் படுப்பது மச்சில். மேலே ஜன்னலைத் திறந்தால் குளமும் குளத்தங்கரை ரோடும் தெரியும். காற்று வரும். வயதான பெண்ணுக்கு இது தேவையா என்று அக்கா சென்னையிலிருந்து பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். படி பிளந்ததும் அவளுடைய கேள்விக்குப் பலம் கூடிவிட்டது. "வீட்டப் பூட்டிட்டு அம்மாவ இங்க கொண்டாந்து விட்டுரு. அந்தப் படிய இனி எவன் சரிபண்ணுவான்?" என்றாள். கட்டுப் பிரிக்கும் நாளில் வந்து கூட்டிப்போவதாக டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

நான் அம்மாவிடம் கேட்டேன், கீழேயே படுத்தால் என்ன என்று.

"கீழ கெடந்தா வீடு வல்லாத்த பெருசா இருக்கு மக்கா."

ஆக, என் கையில் ஆறு வாரம் இருந்தது. அதைவிட அதிகமாக நேரமும் இருந்தது. அந்த வருடம் ஐ.டி. கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பின இல்லையா, அதில் மார்ச் மாதத்துக்காரன் நான். பெங்களூர் வீட்டுக்கு இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவிடமும் அக்காவிடமும் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லியிருந்தேன். காலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலைக்கு விண்ணப்பம் போடுவேன். பதினொரு மணிக்கு மேல் மரம் தேடப் போவேன்.

முதலில் வந்து பார்த்த ஆசாரிக்கு எழுபது தாண்டியிருக்கும். இந்தப் படியைச் செய்தவர் அவருடைய அப்பா. ஆசாரியார் படிக்கு அடியில் குனிந்து போய், டார்ச் அடித்து, ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். பலகைகள் நடுவில் குழிந்திருந்தன. எண்பது வருடம் கால் பட்ட குழி. "மறிச்சுப் போட்டா இன்னும் ஒரு தலமுறைக்குக் கெடக்கும்" என்று ஒரு பலகையைத் தட்டிக் கழற்றினார். புரட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். அடிப்பக்கமும் குழிந்திருந்தது. எப்போதோ, என் தாத்தா காலத்திலேயே, யாரோ ஒருமுறை மறித்துப் போட்டிருக்கிறார்கள்.

இனிப் புதுப் பலகைதான். பதின்மூன்று.

படியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு கனத்த சட்டங்கள். சட்டத்தின் உட்பக்கம் ஒன்றரை அங்குல அகலத்தில் காடி வெட்டியிருக்கும். அந்தக் காடிக்குள் பலகையை முன்னாலிருந்து செருகி, அடியில் ஆப்பு வைத்து இறுக்கி, மர ஆணி அடித்திருப்பார்கள். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. சட்டங்கள் நன்றாக இருந்தன. ஆகவே தேவை மூன்றடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமனில் பதின்மூன்று பலகைகள் மட்டுமே. மரம் விற்பது கன அடிக் கணக்கில். ஒரு பலகைக்கு 0.28 கன அடி, மொத்தம் 3.66, அறுப்பிலும் இழைப்பிலும் போகும் கழிவைச் சேர்த்தால் ஐந்து. இதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, மரத்தின் பெயர், விலை, கடை என்று பத்திகள் வைத்தேன். வேலை இல்லாதவன் போடும் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு ஒரு தனி அழகு உண்டு, கலர் எல்லாம் கொடுத்திருந்தேன்.

நாகர்கோவிலில் முதல் மரக்கடையில் தேக்கு கன அடி நாலாயிரம் என்றார்கள். ஐந்தால் பெருக்கி இருபதாயிரம் என்று மனதுக்குள் போட்டு முடிப்பதற்குள், "எத்தன அங்குல அகலம்?" என்று கேட்டார் கடைக்காரர். ஒன்பது என்றதும் விலை ஏழாயிரத்து ஐந்நூறு ஆனது. நாலாயிரம் என்பது நான்கு, ஐந்து அங்குலச் சட்டத்துக்கு. எனக்கு இது புரியவில்லை. அதே மரம், அதே கன அடி. கிலோ சர்க்கரையைப் பெரிய பையில் கேட்டால் விலை கூடுமா?

கடைக்காரர் பொறுமையானவர். குவித்து வைத்திருந்த கட்டைகளிடம் கூட்டிப்போய்க் காட்டினார். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்த இறக்குமதித் தேக்கு. ஆப்பிரிக்காவிலும் ஈக்வடார் போன்ற நாடுகளிலும் தோட்டம் போட்டு வளர்ப்பது. பர்மா 2014 ஏப்ரலில் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியபிறகு சந்தையில் பெரும்பாலும் இதுதான். கட்டைகள் என் தொடையைவிடக் கொஞ்சம் பருமன். நடுவில் பழுப்பாக வைரம், சுற்றி இரண்டு அங்குலத்துக்கு வெளுப்பாகப் பால்மரம். பால்மரத்தைக் கழித்தால் ஆறு அங்குலப் பலகைகூடத் தேறாது. ஒன்பது அங்குலத்துக்கு வைரம் வேண்டுமென்றால் வேறு கட்டை, வேறு விலை.

இதை ஆசாரியாரிடம் சொன்னபோது அவர், "நீளம் வாங்கலாம் தம்பி, கனம் வாங்கலாம். அகலம்ங்கது மரத்துக்க வயசாக்கும். அதுக்குத்தான் துட்டு" என்றார். அதற்குப் பிறகு ஸ்ப்ரெட்ஷீட்டில் அகலத்துக்கு ஒரு பத்தி சேர்த்தேன்.

இரண்டு ஐந்தங்குலத்தை ஒட்டிச் சேர்த்தால் என்ன என்று கேட்டேன். கடைகளில் அப்படி ஒட்டிய பலகைகள் வருகின்றன. தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, ஒட்டும் முகத்தை நன்றாகத் துடைத்துச் செய்யாவிட்டால் பசை பிடிக்காது. ஆசாரியாருக்கு அதில் விருப்பமில்லை. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் ஒன்றையும் விடாமல் வாங்குகிற ஊர் எங்களுடையது. வருடத்துக்கு இரண்டுமுறை மரம் ஊதும், இரண்டுமுறை சுருங்கும். "காலு வைக்க எடத்துல ஒட்டு வேண்டாம்" என்றார்.

அடுத்து தடிமனில் கைவைத்தேன். இயந்திரவியல் படித்துவிட்டு மென்பொருளுக்குப் போனவன் நான். கல்லூரியில் படித்ததில் வாழ்க்கையில் பயன்பட்டது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்த ஒரு வாரத்தைத்தான் சொல்வேன். இரண்டு பக்கமும் தாங்கியிருக்கும் பலகையின் நடுவில் எடை வைத்தால் எவ்வளவு வளையும் என்பதற்கு எளிய சூத்திரம் இருக்கிறது. விறைப்பு, தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. ஒன்றரை அங்குலத்தை ஓர் அங்குலமாக்கினால் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், ஆனால் விறைப்பில் மீதியிருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒன்றேகால் அங்குலம் என்றால் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். எண்பது கிலோ ஆள் நடுவில் நின்றால், தேக்குக்கான மதிப்பைப் போட்டுப் பார்த்தபோது, ஓர் அங்குலப் பலகை மூன்று மில்லிமீட்டர் வளையும், ஒன்றேகால் அங்குலம் ஒன்றரை மில்லிமீட்டர். முறியுமா என்றால் இரண்டுமே முறியாது. ஆனால் முறிந்த படியில் விழுந்தவளுக்கு மூன்று மில்லிமீட்டர் அசைவு என்பது கணக்கில் வராத வேறொன்று. ஒன்றேகாலுக்குக் கீழே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது கடையில் ரப்பர் மரம் என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் போனால் எங்கும் ரப்பர்தான். பால் வெட்டி ஓய்ந்த மரங்களைக் கழிக்கும்போது அறுத்து, சிறுசிறு துண்டுகளைக் கைவிரல் கோத்தமாதிரி ஒட்டிப் பெரிய பலகையாக்கி விற்கிறார்கள். வெளுத்த நிறம், வழவழப்பு, தேக்கில் கால்வாசி விலை. "வெளிநாட்டுல படிக்கு இதைத்தான் போடுகான். இதும் ஹார்ட்வுட்டாக்கும்" என்றார் கடைக்காரப் பையன்.

அவன் சொன்னது சரிதான். அங்கேதான் சிக்கலும். ஹார்ட்வுட் என்ற ஆங்கில வார்த்தைக்கும் கடினத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. அகன்ற இலை, பூ, காய் என்று வரும் மரமெல்லாம் ஹார்ட்வுட். ஊசியிலை மரங்கள் சாஃப்ட்வுட். விரல் நகத்தால் அழுத்தினால் குழியும் பால்சாவும் இந்தக் கணக்கில் ஹார்ட்வுட்தான். நம்மவர்கள் வேறுமாதிரி பிரித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியலில் வருவது. வைரம் வெளியே இருந்தால் அது புல், உள்ளே இருந்தால் மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். முதலில் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் எங்கள் வீட்டுக் கூரையின் கழுக்கோல்கள் பனை. பனையைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, கறுப்பாக வெளிச்சுற்றில் இருப்பதைத்தான் எடுத்திருக்கிறார்கள். தேக்கில் வெளிச்சுற்றைக் கழித்துவிட்டு உள்ளே இருப்பதை எடுக்கிறோம். வைரம் எங்கே இருக்கிறது என்பதுதான் மரத்தோடு வேலை செய்கிறவனுக்கு வேண்டிய முதல் தகவல். ரப்பரில் அது உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மரம் முழுக்க மாவுச்சத்து, வண்டுக்கு விருந்து. போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றித்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். ஈரத்தில் அந்த மருந்து மெல்லக் கரைந்து வெளியேறும். குளிரூட்டிய வீட்டுக்குள் பிரச்சினையில்லை. மச்சு ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மேல்படி நனையும் வீட்டுக்கு ஆகாது.

பழைய மரக்கடைக்கும் போனேன். இடித்த வீடுகளின் நிலைகள், கதவுகள், உத்தரங்கள் எல்லாம் மழையில் சாய்ந்து கிடக்கும் இடம். எனக்கு அந்த இடம் பிடித்துப்போய் மூன்று நாள் தொடர்ந்து போனேன். நல்ல அகலப் பலகைகளை ரிசார்ட் கட்டுகிறவர்கள் முன்பே எடுத்துப் போய்விடுகிறார்கள். மிச்சமிருப்பது உத்தரம். ஒன்பதுக்கு ஆறு அங்குலத்தில் அருமையான தேக்கு உத்தரம் ஒன்று கிடந்தது. அதைப் பலகையாகக் கிழித்தால் நான்கு படி கிடைக்கும். சாமில்லில் கேட்டால் பழைய மரம் என்றதுமே கையை விரித்தார்கள். உள்ளே ஒரு ஆணி புதைந்திருந்தால் போதும், ரம்பத்தின் பற்கள் போய்விடும். பற்களுக்கு நான் பொறுப்பு என்று எழுதித் தரவேண்டும் என்றார் ஒருவர். தரவில்லை.

கடைசியாக அயனி. கேரளத்தில் ஆஞ்சிலி என்பார்கள், அங்கே ஓட்டப்பந்தயத்துக்கு விடும் பாம்புப் படகுகள் இதில்தான் செய்வது. தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாது. இங்கே பழைய வீடுகளில் தேக்கைவிட அயனியும் பலாவும் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூர் ஆட்சியில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ராஜமரங்கள். சொந்தப் பறம்பில் தானே முளைத்த தேக்கானாலும் அது அரசருக்குச் சொந்தம். சாதாரண ஆள் வீடு கட்ட வீட்டுப் பின்னால் நின்ற அயனியை வெட்டினான். எங்கள் படியும் அயனிதான் என்று ஆசாரியார் சொன்னார். விலை தேக்கில் பாதிக்கும் கீழே. வேர்க்கிளம்பிப் பக்கம் ஒரு சாமில்லில் ஒன்பது அங்குலம் என்ன, பதினைந்து அங்குலமே அறுத்துத் தருவதாகச் சொன்னார்கள். எல்லாம் பச்சை மரம். வெட்டி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அறுத்த முகத்தைத் தொட்டால் கை ஈரமாகிறது. காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பச்சையாகவே காடியில் இறக்கினால் முதல் கோடையில் சுருங்கி, ஆப்பு தளர்ந்து, படிகள் பேச ஆரம்பிக்கும். சூளையில் வைத்துச் சீக்கிரம் காய்ச்சலாம், பதின்மூன்று பலகைக்கு யாரும் சூளை மூட்டமாட்டார்கள்.

ஐந்தாவது வாரம் ஆகிவிட்டது. நான் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்த் தேக்குக்கே திரும்பி வந்தேன். ஆசாரி கூலியோடு ஐம்பதாயிரத்தைத் தொடும். இ.எம்.ஐ. போக வங்கியில் இருப்பதைப் பார்த்தேன். கிரெடிட் கார்டில் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, மறுநாள் முன்பணம் கொடுக்கப் போவதாக ஆசாரியாரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் வீட்டுக்குள் நடந்து, இருட்டறையில் கிடந்த பத்தாயத்தின் முன்னால் போய் நின்றார்.

பத்தாயம் தெரியாதவர்களுக்கு: நெல் போட்டு வைக்கும் மரப்பெட்டி. ஒரு ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம். நான்கு மூலைக்கும் தூண், தூணில் காடி, காடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய பலகைகள், மேலே மூடி. எங்கள் வயலை விற்று இருபது வருடம் ஆகிறது. பத்தாயத்தில் இப்போது பழைய பாத்திரங்களும் என் என்ஜினியரிங் புத்தகங்களும் கிடந்தன. ஆசாரியார் பிச்சாத்தியால் ஒரு மூலையில் லேசாகச் சுரண்டினார். தூசிக்குக் கீழே பொன்னிறம்.

"அயனி. ஒன்பதரை அங்குலம். காஞ்சு எண்பது வருசமாச்சு" என்றார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து வாரமாக மலிவான மரம் எங்கே என்று அலைந்தவன், அது கண் முன்னால் நின்றபோது வேண்டாம் என்றேன். பத்தாயத்தைப் பிரிப்பதா? தாத்தா செய்தது. இப்படி ஒன்று இனி எவன் செய்வான். நாஞ்சில் நாட்டில் எத்தனை வீட்டில் இருக்கிறது. இதையெல்லாம் கொஞ்சம் உரத்த குரலில் சொன்னேன். ஒளிந்து விளையாடும்போது அதற்குள் தூங்கிப்போனதையும் சொன்னேன் என்று நினைக்கிறேன். மரத்துக்கு நானே பணம் தருகிறேன், அது ஒரு பெரிய தொகையே இல்லை என்றும் சொன்னேன்.

அம்மா கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்குத்தான் இப்ப சம்பளம் இல்லியே."

நான் ஒன்றும் பேசவில்லை.

"காலம்பற மீட்டிங்குன்னு சத்தம் போட்டுப் பேசுவேல்லா. இந்தத் தடவ வந்ததுல இருந்து ஒரு பேச்சும் இல்ல. நான் என்ன பொட்டச்சியா?"

எங்கள் ஊரில் பொட்டை என்றால் குருடு. ஆசாரியார் அதற்குள் முற்றத்துக்கு இறங்கி வெற்றிலை போட ஆரம்பித்திருந்தார். அம்மா அவரைக் கூப்பிட்டு, "பிரிச்சிரும் ஆசாரியாரே. நெல்லு இல்லாத பத்தாயம் என்னத்துக்கு? எலி பெத்துப் போடவா?" என்றாள். பிறகு என்னிடம், "ஒனக்க புஸ்தகத்த எல்லாம் வெளிய எடு" என்றாள்.

பிரிக்க அரை நாள் ஆனது. மூடியைத் தூக்கியதும் நான்கு தூண்களின் தலையில் இருந்த மர ஆணிகளை ஆசாரியார் தட்டித் தட்டி மேலே எடுத்தார். அதன்பிறகு பலகைகள் ஒவ்வொன்றாகக் காடியிலிருந்து உருவி வந்தன, அட்டை டப்பாவைக் கலைப்பதுபோல. அவர்கள் செய்யும்போதே பிரிக்க வசதியாகத்தான் செய்திருக்கிறார்கள். வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தது எப்படி என்று சின்ன வயதில் நான் யோசித்ததுண்டு, இப்படித்தான். அடிப்பலகைகளைக் கரையான் தின்றிருந்தது. ஒரு பலகையில் ஓரத்தில் வெடிப்பு. நல்லதாகத் தேறியவை பன்னிரண்டு. பத்தாயத்தின் வெளிமுகம் புகையேறிக் கறுத்திருந்தது. உள்முகம் நெல் உரசி உரசி, யாரும் இழைக்காமலே, உள்ளங்கை வைத்தால் வழுக்கியது. உள்முகம் மேலே வரும்படி போடலாம் என்று நான் சொன்னேன். "வழுக்கி விழவா?" என்றார் ஆசாரியார். வெளிமுகத்தை இழைத்து அதைத்தான் மேலே வைத்தார். இழைத்து முடித்தபோது தடிமன் ஒன்றேகால் அங்குலம் சரியாக இருந்தது. ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்த வரிக்குப் பச்சை நிறம் கொடுத்தேன்.

காடி ஒன்றரை, பலகை ஒன்றேகால். மிச்சக் கால் அங்குலத்துக்கு அடியில் ஆப்பு. சட்டத்துக்குள் போகும் முனைகளுக்கும் அடிமுகத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவினோம். கையில் பட்டால் தோல் பொத்துவிடும், எனக்குப் பொத்தது. பதின்மூன்றாவது பலகைக்கு நாகர்கோவில் கடையிலேயே ஒற்றைத் தேக்குப் பலகை வாங்கினேன். அதற்கு என்னிடம் காசு இருந்தது. அதைக் கீழ்ப்படியாகப் போடச் சொன்னேன். நிறம் கொஞ்சம் வேறு, தெரியத்தான் செய்கிறது.

அக்கா வந்தாள். படியில் மேலே போய், கீழே வந்து, நடுவில் நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். ரிட்டர்ன் டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்யச் சொல்லி அத்தானுக்கு போன் போட்டாள். பத்தாயம் எங்கே என்று மறுநாள்தான் கேட்டாள். கொஞ்சம் அழுதாள்.

கட்டுப் பிரித்து நான்கு நாள் கழித்து, பிஸியோதெரபிஸ்ட் அனுமதித்த பிறகு, அம்மா ஏறினாள். நான் பின்னால் இரண்டு படி தள்ளி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்துப் போனாள். ஏழாவதில் நிற்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, அதற்கடுத்து மச்சுத் தரை. அங்கே கால் எதையோ எதிர்பார்த்ததுபோல உயரமாக எழும்பி, தரையில் தட்டென்று விழுந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல கொறஞ்சுபோச்சு" என்றாள்.

இல்லையம்மா, எல்லாம் பழைய அளவுதான் என்றேன். படிக்குப் படி உயரம் ஒரே அளவு, நானே டேப் வைத்துப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. மறுபடி இறங்கி ஏறினாள். அதே இடத்தில் அதே தட்டு. கீழே முதல் படி கூடிவிட்டது என்றும் சொன்னாள்.

சாயங்காலம் முற்றத்தில் அடுக்கியிருந்த பழைய பலகைகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பதின்மூன்றும் நடுவில் குழிந்தவை. படிகள் எல்லாம் ஒன்றுபோலத் தேய்ந்ததால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உயரம் மாறவில்லை. ஆனால் கீழ்த்தரையும் மச்சுத்தரையும் தேயவில்லை. பழைய படியில் முதல் ஏற்றம் குழியின் ஆழம் அளவுக்குக் குறைவு, கடைசி ஏற்றம் அதே அளவுக்கு அதிகம். ஒரு பழைய பலகையின் குறுக்கே ஸ்கேலை வைத்து நடுக்குழியை அளந்தேன். கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல், ஏழு மில்லிமீட்டர்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஏழு மில்லிமீட்டர் எவ்வளவு என்று விரலில் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"அவ்வளவுதான் இருக்கும்" என்றாள்.